லோடு ஏற்றிய லாரியின் உயரத்தை அளப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

வண்டியின் பதிவுச் சான்றில் ஒரு உயரம் போட்டிருக்கும். அது காலி வண்டியின் உயரம். இன்று காலை நீங்கள் ஏற்றிய லோடுக்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமே கிடையாது. லாரியின் நீள அகலம் பெரும்பாலும் மாறுவதில்லை. உயரம் மட்டும் நடைக்கு நடை மாறும், சில சமயம் ஒரே நடைக்குள் இரண்டு மூன்று முறை மாறும். இந்த ஒன்று மனதில் பதிந்துவிட்டால் இந்த வழிகாட்டியின் மற்ற எல்லாப் படிகளும் தானாக விளங்கும்.

அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தின் டர்ஹாம் நகரில் ஒரு ரயில்வே பாலம் இருக்கிறது. அதன் அடியில் இருந்த இடைவெளி 11 அடி 8 அங்குலம். பலகை வைத்தார்கள், எச்சரிக்கை விளக்கு வைத்தார்கள், உயரமான வண்டி வந்தால் சிவப்பு சிக்னல் விழும்படியும் செய்தார்கள். வண்டிகள் இடித்துக்கொண்டே இருந்தன. 2019-ல் பாலத்தையே 8 அங்குலம் தூக்கினார்கள். அதற்குப் பிறகும் இடிப்பது நிற்கவில்லை. பலகை பாலத்தின் உயரத்தைத்தான் சொல்லும். தன் வண்டியின் உயரம் தெரியாதவருக்கு அந்த எண்ணால் என்ன பயன்?

படி 1: வண்டியை ஓடும் நிலைக்குக் கொண்டுவாருங்கள்

லோடு ஏற்றி, கயிறோ பெல்ட்டோ இறுக்கி, தார்ப்பாய் போட்டு முடித்த பிறகுதான் அளக்க வேண்டும். "தார்ப்பாய்தானே, என்ன பெரிய உயரம்" என்று அதற்கு முன்பே அளப்பவர்கள் உண்டு. மடித்துப் போட்ட தார்ப்பாயும் அதன் மேல் விழும் கயிற்று முடிச்சும் சேர்ந்து நான்கைந்து செ.மீ. ஏற்றிவிடும்.

தரை சமமாக இருக்க வேண்டும், கெட்டியாகவும் இருக்க வேண்டும். குடோன் வாசலில் தண்ணீர் வடிவதற்காகச் சரிவு விட்டிருப்பார்கள், அங்கே அளக்காதீர்கள். வண்டி மண்ணில் நின்றால் சக்கரம் அமுங்கியிருக்கும், நீங்கள் அளவுகோலை ஊன்றும் இடமோ அமுங்காத மேடாக இருக்கும். அங்கேயே கணக்கு தப்பிவிடுகிறது.

ஏர் சஸ்பென்ஷன் வண்டி என்றால் இன்ஜினை ஓடவிட்டு, காற்றழுத்தம் முழுதாக ஏறும்வரை காத்திருங்கள். இரவெல்லாம் நின்ற வண்டியில் காற்று கசிந்து, வண்டியைத் தாங்கும் பெல்லோஸ் என்ற காற்றுப் பைகள் படுத்திருக்கும். அந்த நிலையில் அளந்தால் வண்டி குட்டையாகத் தெரியும், ஓடத் தொடங்கியதும் எழுந்து நிற்கும். இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. லோடிங் மேடைக்குச் சமமாகப் பின்பக்கத்தைத் தூக்கிவிட்டு, லோடு ஏறியதும் லீவரை ஓடும் நிலைக்குத் திருப்ப மறந்துவிடுவார்கள். கிளம்பும் முன் அந்த லீவரைக் கையால் தொட்டுப் பாருங்கள்.

ட்ரெய்லர் ஓட்டுபவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. நேற்று வேறொரு டிராக்டர், அதாவது இழுக்கும் முன்வண்டி, இழுத்த அதே ட்ரெய்லர் இன்று உங்கள் வண்டியில் மாட்டியிருக்கலாம். ட்ரெய்லரின் முன்பக்கத்தைத் தாங்கும் ஃபிஃப்த் வீல் என்ற தட்டின் உயரம் இரண்டு டிராக்டரிலும் ஒன்றாக இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. உங்கள் ஃபிஃப்த் வீல் உயரமாக இருந்தால் ட்ரெய்லரின் மூக்கு தூக்கிக்கொண்டு நிற்கும். ஆகவே முந்தைய டிரைவர் சொன்ன உயரத்தை மரியாதையோடு கேட்டுக்கொண்டு, நீங்கள் புதிதாக அளந்துவிடுங்கள்.

படி 2: எது உச்சி என்று கண்டுபிடியுங்கள்

வண்டியை ஒட்டி நின்று அண்ணாந்து பார்த்தால் உச்சி தெரியாது. லோடின் விளிம்பு நடுப்பகுதியை மறைத்துவிடும். இருபது அடியாவது பின்னால் தள்ளிப் போங்கள். பின்பக்கமிருந்து ஒருமுறை, இரண்டு பக்கவாட்டிலிருந்தும் ஒவ்வொரு முறை, வானத்தைப் பின்னணியாக வைத்துப் பாருங்கள். நடுவில் முதுகுபோல் எழும்பியிருப்பது அப்போதுதான் கண்ணில் படும்.

லோடுக்கு லோடு உச்சி இருக்கும் இடம் வேறுபடும். மூட்டை லோடில் கடைசி அடுக்கின் நடு. வைக்கோல், பஞ்சு போன்ற பொதி லோடில் இரண்டு பொதி சந்திக்கும் இடத்தில் பிதுங்கும் திமில். கார் ஏற்றும் வண்டியில் மேல்தளத்துக் கார் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், கூரையில் இருக்கும் சிறு ஆன்டெனாவும் சாமான் கம்பியும் கணக்கில் சேரும். லோபெட் என்ற தாழ்தள ட்ரெய்லரில் ஏற்றிய எக்ஸ்கவேட்டரில் உச்சி அநேகமாகக் கேபின் கூரையில் இருக்காது. மடக்கி வைத்த கையின் முழங்கை போன்ற வளைவில்தான் இருக்கும். பக்கெட்டை எங்கே ஊன்றி வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அந்த முழங்கை ஏறும், இறங்கும். ஆபரேட்டர் இருக்கும்போதே அதை எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்தச் சொல்லுங்கள். அவர் போன பிறகு உங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

சில வண்டிகளில் உச்சி லோடிலேயே இருக்காது. கேபின் மேல் காற்றுத் தடுப்பு, குளிர்சாதன யூனிட், புகைக்குழாய், ஏர் ஹாரன், ரேடியோ ஏரியல் எல்லாவற்றையும் ஒரு பார்வை பாருங்கள்.

படி 3: அளத்தல்

இந்த வேலைக்கென்றே நீட்டி மடக்கும் அளவுக்கம்பு கிடைக்கிறது. கம்பின் தலையில் குறுக்காக ஒரு கை இருக்கும். அந்தக் கை லோடின் உச்சியைத் தொடும்வரை கம்பை நீட்டி, கீழே அளவைப் படிக்க வேண்டும். ஃபைபர் கிளாஸில் செய்ததை வாங்குங்கள். அலுமினியக் கம்பு மின்கம்பியைத் தொட்டுவிட்டால் பிடித்திருப்பவர் உயிரோடு இருக்க மாட்டார். எந்தக் கம்பாக இருந்தாலும் மேலே மின்கம்பி ஓடும் இடத்தில் அதைத் தூக்காதீர்கள், வண்டியை வேறு இடத்துக்கு நகர்த்துங்கள்.

கம்பை எப்படிப் பிடிக்கிறீர்கள் என்பதில்தான் அளவு சரியாவதும் தப்பாவதும் இருக்கிறது. கம்பின் தலை லோடுப் பக்கம் சாய்ந்தால் உயரம் கூடுதலாகக் காட்டும், அதனால் பெரிய ஆபத்தில்லை. தலை லோடை விட்டு வெளிப்பக்கம் சாய்ந்தால் குறுக்குக் கையின் நுனி மேலே எழும்பும், உயரம் குறைவாகக் காட்டும். கை 1.2 மீட்டர் நீளம், உயரம் 4.2 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெறும் 3 டிகிரி வெளியே சாய்ந்தாலே 5 செ.மீ.க்கு மேல் ஏமாந்துவிடுவீர்கள். 3 டிகிரி என்பது பிடித்திருப்பவர் கண்ணுக்குத் தெரியாத சாய்வு. எனவே இருவராக அளங்கள். ஒருவர் கம்பைப் பிடிக்கட்டும், மற்றவர் பத்தடி தள்ளி நின்று கம்பு நேராக இருக்கிறதா, குறுக்குக் கை மட்டமாக இருக்கிறதா என்று சொல்லட்டும். கம்பில் ஒரு சிறிய ரசமட்டத்தைக் கட்டிவைத்தால் தனியாகவும் சமாளிக்கலாம். ஒரு நூலில் கனமான நட் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டாலும் போதும், தூக்குக்குண்டு வேலையை அது செய்யும்.

முன்னால், நடுவில், பின்னால் என்று மூன்று இடத்திலாவது அளங்கள். எது அதிகமோ அதுதான் வண்டியின் உயரம். சராசரி எடுக்க இங்கே இடமில்லை. அளந்த இடத்திலேயே மறுபடி ஒருமுறை அளந்து, இரண்டும் ஒரு செ.மீ.க்குள் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

டேப்பைக் கையில் பிடித்துக்கொண்டு லோடின் மேல் ஏறுவது பழைய பழக்கம். தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். தார்ப்பாய் மேல் கால் வழுக்கினால் நான்கு மீட்டரிலிருந்து தலைகீழாக விழ வேண்டியதுதான்.

அளவுக்கம்பு இல்லாத நேரத்தில் கூட்டிக் கணக்கிடலாம். தரையிலிருந்து வண்டியின் தளம்வரை ஒரு அளவு, தளத்திலிருந்து லோடின் உச்சிவரை இன்னொரு அளவு. கன்டெய்னருக்கு இது நன்றாகவே ஒத்துவரும், அதன் உயரம் உலகம் முழுவதும் ஒரே தரம். சாதாரண கன்டெய்னர் 8 அடி 6 அங்குலம், அதாவது 2.591 மீட்டர். ஹை கியூப் என்ற உயரமான கன்டெய்னர் 9 அடி 6 அங்குலம், 2.896 மீட்டர். லோடு ஏறிய பின் தளம் 1.55 மீட்டரில் நின்றால் சாதாரணக் கன்டெய்னரோடு மொத்தம் 4.14 மீட்டர், ஹை கியூப் என்றால் 4.45 மீட்டர். ஒரு அடி வித்தியாசம். யார்டில் அவசர அவசரமாக மாற்றி ஏற்றிவிட்டால் அந்த ஒரு அடி உங்கள் தலைக்கு மேலே பயணம் செய்யும். ஹை கியூபின் மேல் மூலைகளில் மஞ்சள் கறுப்புப் பட்டை இருக்கும். சாவி வாங்கும்போதே அதைப் பார்க்கப் பழகுங்கள்.

கூட்டல் முறையில் தப்பு வரும் இடம், லோடுக்கு அடியில் கொடுத்த கட்டை. மெஷினின் உயரத்தைப் பேப்பரிலிருந்து எடுப்போம், அடியில் வைத்த நான்கு அங்குலக் கட்டையையும் பெட்டியின் மேல் பலகையையும் மறந்துவிடுவோம். தளத்தை லோடு ஏறிய பிறகுதான் அளக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். சக்கரத்துக்கு மேலிருக்கும் ஸ்பிரிங் பட்டை அமுங்குவதால் காலியில் ஒரு உயரம், பாரத்தில் ஒரு உயரம்.

லேசர் மீட்டர் வைத்திருப்பவர்கள், உச்சியில் பட்டு வெளியே நீட்டும்படி ஒரு நேரான பலகையை மட்டமாகப் பிடிக்கச் செய்து, தரையிலிருந்து அதன் அடிப்பக்கத்துக்கு அடியுங்கள். லேசர் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் பலகை சாய்ந்தால் அதுவும் பொய்தான் சொல்லும்.

படி 4: எழுதுங்கள், இரண்டு கணக்கிலும்

அளந்ததை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். பிரிட்டனில் 3 மீட்டருக்கு மேல் உயரமுள்ள வண்டியில் டிரைவர் உட்கார்ந்தபடியே பார்க்கும் இடத்தில் உயரத்தை எழுதி வைக்க வேண்டும், எழுத்து குறைந்தது 40 மி.மீ. பெரிதாக இருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. உங்கள் ஊரில் அப்படிச் சட்டம் இல்லாவிட்டாலும் செய்யுங்கள். ஒரு அட்டை, ஒரு தடித்த மார்க்கர் பேனா போதும். மழை, இருட்டு, பின்னால் ஹாரன் சத்தம், முன்னால் பாலம் என்று எல்லாம் சேர்ந்து வரும் நேரத்தில் ஞாபகம் கை கொடுக்காது.

மீட்டர், அடி இரண்டிலும் எழுதுங்கள். அடியில் எழுதும்போது புள்ளி வைக்காதீர்கள். 13 அடி 6 அங்குலத்தை 13.6 என்று எழுதுகிறோம், அது தவறு. 13 அடி 6 அங்குலம் என்பது 13.5 அடி, 4.11 மீட்டர். இதைவிட மோசமானது 13 அடி 10 அங்குலம். அதை 13.10 என்று எழுதினால் 13.6-ஐ விடச் சின்ன எண்போல் கண்ணுக்குத் தெரியும். உண்மையில் அது 4 அங்குலம் கூடுதல் உயரம். அடி, அங்குலம் என்று எழுத்தாலேயே எழுதிவிடுங்கள்.

மாற்றும்போது வரும் மிச்சத்தை எப்போதும் உங்களுக்குப் பாதகமாகவே வையுங்கள். வண்டியின் உயரம் என்றால் மேலே தள்ளுங்கள், பாலத்தின் இடைவெளி என்றால் கீழே தள்ளுங்கள். அதற்கும் மேல் ஒரு ஓரப்பாதுகாப்பு வேண்டும். பெட்டி, இரும்பு, கன்டெய்னர் போன்ற கெட்டி லோடுக்கு நான் 10 செ.மீ. விடுவேன், தார்ப்பாய் போட்ட லோடுக்கும் பொதி லோடுக்கும் 20. வேகமாகப் போகும்போது தார்ப்பாய்க்கு அடியில் காற்றுப் புகுந்து முதுகு உப்பும். பக்கத்து வண்டியிலிருந்து ஒருமுறை பார்த்திருந்தால் இந்த 20 அதிகம் என்று சொல்ல மாட்டீர்கள்.

படி 5: வழியில் இருக்கும் உயரங்கள்

முதலில் சட்டம். ஐரோப்பிய ஒன்றியத்தில் நாடு விட்டு நாடு போகும் வண்டிக்கு 4 மீட்டர், ஆஸ்திரேலியாவில் பொதுவாக 4.3 மீட்டர், அமெரிக்காவில் பல மாநிலங்களில் 13 அடி 6 அங்குலம், மேற்கே பல இடங்களில் 14 அடி. இந்தியாவில் மின்மயமான பாதையின் லெவல் கிராசிங்கில் நிற்கும் உயரத் தடுப்பு வழக்கமாக 4.67 மீட்டர். சட்ட அளவுக்குள் இருப்பதால் எல்லாப் பாலத்திலும் நுழைந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். சட்டம் வருவதற்கு முன்பே கட்டிய பாலங்கள் எத்தனையோ இருக்கின்றன.

போனில் இருக்கும் சாதாரண மேப், காருக்காகச் செய்தது. பாலத்தின் உயரம் அதற்குத் தெரியாது. லாரிக்கான நேவிகேஷன் இருந்தால் ஒவ்வொரு நடைக்கும் புதிய உயரத்தை அதில் போட வேண்டும். போன வாரம் போட்ட எண் அப்படியே கிடந்தால் அது போன வாரத்து வண்டிக்குத்தான் வழி சொல்லும்.

பலகையில் இருக்கும் எண்ணைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. சில நாடுகளில் உண்மையான இடைவெளியிலிருந்து கொஞ்சம் குறைத்தே எழுதுவார்கள். பிரிட்டனில் குறைந்தது 3 அங்குலம் குறைப்பார்கள். "பலகையில் எப்படியும் குறைச்சுத்தான் போட்டிருப்பான்" என்று அதை நம்பி உள்ளே விடுபவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். பலகை வைத்த பிறகு சாலையின் மேல் புதிதாகத் தார் போட்டிருந்தால் அந்த மூன்று அங்குலம் எப்போதோ போயிருக்கும். பாலம் அப்படியேதான் இருக்கிறது, தரைதான் மேலே வந்துவிட்டது. புதுத் தார் கறுப்பாக மின்னும் இடத்தில் பழைய பலகையை நம்பாதீர்கள்.

வளைவுப் பாலம் என்றால் நடுவில் இருக்கும் உயரம் ஓரத்தில் இருக்காது. 2013 மே 23 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காகிட் ஆற்றுப் பாலத்தில் நடந்தது இதுதான். உயரமான லோடு ஏற்றிய லாரி, மேலே வளைந்து இறங்கும் குறுக்குச் சட்டத்தின் ஓரப் பகுதியில் இடித்தது. பாலத்தின் ஒரு பகுதியே ஆற்றில் விழுந்தது. இரண்டு வாகனங்கள் தண்ணீருக்குள் போயின, அவற்றில் இருந்த மூவரும் உயிர் தப்பினார்கள். அந்த லாரிக்கு அனுமதிச் சீட்டு இருந்தது, முன்னால் உயரக்கம்பு கட்டிய வழிகாட்டி வண்டியும் போய்க்கொண்டிருந்தது. வலது ஓர லேனில் போகாமல் நடுப்பக்கம் போயிருந்தால் இடைவெளி இருந்திருக்கும்.

அடுத்தது பள்ளம். பல பாலங்களுக்கு அடியில் சாலை இறங்கி ஏறும். நீளமான ட்ரெய்லரின் முன் சக்கரம் ஏறும் சரிவிலும் பின் சக்கரம் இறங்கும் சரிவிலும் இருக்கும்போது, நடுப்பகுதி பள்ளத்துக்குள் இறங்காது, அந்தரத்தில் நிற்கும். அச்சுகளுக்கு இடையே 12 மீட்டரும் பள்ளத்தின் வளைவு 200 மீட்டர் ஆரமும் என்றால், வண்டியின் நடு நீங்கள் சமதரையில் அளந்ததைவிட 9 செ.மீ. உயரத்தில் இருக்கும். மூக்கு சுகமாக நுழைந்துவிடும், நடுவில் மாட்டும். பாலத்தில் பாதி தூரம் போனபின் உரசிய வண்டிகளுக்கு அநேகமாகக் காரணம் இது.

சாலை பக்கவாட்டில் சாய்ந்திருந்தால் லோடின் தலையும் சாயும். நூற்றுக்கு ஆறு சாய்வில் 4 மீட்டர் உயரத்தில் 24 செ.மீ. பக்கமாக நகர்ந்துவிடும். வளைவுப் பாலத்தின் ஓரமோ மரக்கிளையோ அந்தப் பக்கம் இருந்தால் கவனம்.

மின்கம்பிக்கு நிலையான உயரமே கிடையாது. வெயிலில் கம்பி நீண்டு தொய்யும், காலையில் நல்ல இடைவெளி இருந்த கம்பி மதியத்தில் கீழே வந்திருக்கும். ரயில் பாதையின் 25,000 வோல்ட் கம்பியைத் தொட வேண்டியதுகூட இல்லை, நெருங்கினாலே பாயும்.

படி 6: வழியில் மறுபடி அளத்தல்

கிளம்பி முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். லோடு அசைந்து உட்கார்ந்திருக்கும், கயிறு தளர்ந்திருக்கும், தார்ப்பாய் கிளம்பியிருக்கும்.

பாதி லோடு இறக்கிய பின் மறுபடி அளப்பதைத்தான் அநேகம் பேர் செய்வதில்லை. நானும் ஒரு காலத்தில் செய்ததில்லை. ஒருமுறை அடியில் இரும்புத் தகடுகள், பின்பக்கம் மரப்பெட்டியில் உயரமான ஒரு மெஷின். தகடு இறக்க வேண்டிய குடோனின் வாசலில், மேலே குறுக்காக ஓடும் விட்டத்துக்குக் கீழே மூன்று விரல் அகல இடைவெளியோடு உள்ளே போனேன். தகடுகளை இறக்கிவிட்டு அதே வாசலில் வெளியே வந்தேன். பெட்டியின் மேல் பலகை விட்டத்தில் கிறீச்சென்று உரசியது. பிரேக் போட்டு இறங்கிப் பார்த்தால் பலகையில் விரல் ஆழத்துக்குக் கீறல், விட்டத்தில் மரச் சிராய் ஒட்டியிருந்தது. பின்னால் எடுத்து அளந்தபோது காலையில் இருந்ததைவிட 7 செ.மீ. கூடியிருந்தது. பாரம் போனதும் பட்டை நிமிர்ந்து, மிச்சமிருந்த மெஷினைத் தூக்கிக்கொண்டு நின்றது. எடை குறைந்தால் வண்டி உயரும் என்பது எனக்குத் தெரியாததல்ல. போன வழியிலேயே திரும்பி வருகிறோம் என்ற தைரியம் அதை மறக்கடித்துவிட்டது.

ஆகவே எங்கே எதை இறக்கினாலும், உயரமான சாமான் வண்டியில் மிச்சமிருந்தால், கேபினில் ஒட்டிய அட்டையைக் கிழித்துவிட்டுப் புதிதாக அளந்து எழுதுங்கள். டிப்பர் ஓட்டுபவர்கள் ஒவ்வொரு முறை கொட்டிய பிறகும் பாடி முழுதாக இறங்கிவிட்டதா, பாடியைத் தூக்க இன்ஜினிலிருந்து சக்தி எடுக்கும் பி.டி.ஓ. இணைப்பு விடுபட்டதா என்று பார்த்த பிறகே கியர் போட வேண்டும்.

படி 7: சந்தேகம் வந்தால், பட்டுவிட்டால்

பாலத்தைப் பார்த்ததும் மனதில் ஒரு சின்ன உறுத்தல் வந்தாலே நிறுத்துங்கள். நாலு விளக்கையும் போட்டு இறங்குங்கள், பின்னால் ஹாரன் அடிப்பவர் அடிக்கட்டும். பாலத்தின் இடைவெளியை அளவுக்கம்பாலேயே அளக்கலாம், மேலே மின்கம்பி இல்லாவிட்டால் மட்டும். நுழைவிலும் நடுவிலும் வெளியேறும் இடத்திலும், உங்கள் லோடின் இரு ஓரங்களும் போகும் கோட்டில் அளங்கள். உள்ளே விடுவதென்று முடிவு செய்தால், உதவியாளர் வண்டிக்குப் பக்கவாட்டில் தள்ளி, உச்சியும் விட்டமும் ஒரே பார்வையில் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும். வண்டிக்கு முன்னாலோ பாலத்துக்கும் லோடுக்கும் நடுவிலோ நிற்கக் கூடாது. நடை வேகத்தில் போங்கள். டயர் காற்றை இறக்கிவிட்டு நுழையும் யோசனையை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். பாரத்தோடு காற்றில்லாத டயர் ஓடினால் விளிம்பை விட்டுக் கழன்றுவிடும். திரும்பி வேறு வழியில் போவதில் என்ன குறைந்துவிடும்?

பாலத்தில் இடித்துவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். பெரிய சேதம் தெரியவில்லை என்று கிளம்பிப் போய்விடாதீர்கள். மேலே ரயில் ஓடும் பாலமாக இருந்தால் தண்டவாளம் இம்மியளவு நகர்ந்திருக்கலாம், அடுத்த ரயில் வந்துகொண்டிருக்கலாம். பல பாலங்களில் அவசர எண்ணும் பாலத்தின் எண்ணும் எழுதிய தகடு இருக்கும். முதலாளிக்குப் போன் செய்வதற்கு முன் அந்த எண்ணுக்கு அழையுங்கள். தகடு இல்லையென்றால் போலீஸுக்கு.

மின்கம்பியில் பட்டுவிட்டால் கேபினை விட்டு இறங்காதீர்கள். மின்சாரம் நிறுத்தப்பட்டதென்று மின்வாரிய ஆள் வந்து சொல்லும்வரை உள்ளேயே உட்கார்ந்திருங்கள், ஓடிவருபவர்களைக் கிட்டே வரவேண்டாம் என்று கத்துங்கள். தீப்பிடித்து இறங்கியே ஆக வேண்டும் என்றால் படியில் கால் வைத்து இறங்கக் கூடாது. வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாதபடி, இரண்டு காலையும் சேர்த்து வெளியே குதியுங்கள். குதித்த பிறகும் எட்டு வைத்து ஓடாதீர்கள். பாதங்களைத் தரையிலிருந்து தூக்காமல், ஒன்றோடொன்று ஒட்டியபடியே சின்னச் சின்னதாக நகர்த்தி, பத்து மீட்டருக்கு மேல் தள்ளிப் போங்கள்.